பழைய விலைப்பட்டியல் என்ற கோப்புறை

நான் வேலை செய்வது ஹனோவரில், வீடுகளின் தண்ணீர்க் குழாய்களையும் வெப்பமூட்டிகளையும் திருத்துகிற ஒரு சிறிய நிறுவனத்தில். அப்படிப்பட்ட இடத்திலேயே ஒருநாள் நிலக்கீழ் அறையில் குழாய் வெடித்து, அங்கே அலுமாரிக்குள், அலுவலகக் கோப்புகளையெல்லாம் வைத்திருந்த சேர்வர் நனைந்து செத்துப்போனது. வெளியில் தெரிந்தால் வெட்கக்கேடு என்று முதலாளி எங்களைக் கேட்டுக்கொண்டதால், அந்த வாரம் அழைத்த வாடிக்கையாளர்களுக்கெல்லாம் கணினியில் சிறு கோளாறு என்றே சொல்லிவந்தோம். குழாய் வெடித்தது அவருடைய வெட்கம். என்னுடையது அதற்குப் பின்னால் வந்தது.

அலுவலகத்தில் மேசை வேலைக்கு இரண்டு பேர்தான். ஒன்று நான். மற்றவர் முதலாளியின் தகப்பன் காலத்திலேயே வேலைக்கு வந்த ஒரு ஜேர்மன் பெண்மணி. இங்கே அவரை மூத்தவர் என்றே எழுதுகிறேன். பக்கத்துப் பக்கத்து மேசை. நடுவில் ஒரு பூச்சாடி. நான் கலியாணம் செய்து இங்கே வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, அலுவலக வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைப் படித்து முடித்தவள். பரீட்சையில் நல்ல புள்ளிகள். ஜேர்மன் மொழியை, நாங்கள் சொல்கிற டொச்சை, இலக்கணப் பிழையில்லாமல் எழுதுவேன். ஆனால் தொலைபேசியில் என் வாயிலிருந்து வந்த டொச், நான் எழுதிய டொச் அல்ல.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல குளிர்காலக் காலையொன்றில், வீட்டில் சூடு வரவில்லை என்று ஒரு மனிதர் அழைப்பு எடுத்தார். இந்த வாரம் அனுப்ப ஆள் இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர், “டொச் தெரிந்த யாரிடமாவது கொடுங்கள்” என்றார். மூத்தவர் கையை நீட்டி என்னிடமிருந்து அழைப்பை வாங்கினார். நான் சொன்ன அதே செய்தியைத்தான் அவரும் சொன்னார். இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் கட்டாயம். ஆனால் அவர் சொன்னபோது அந்த மனிதர் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார். மூத்தவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு பிஸ்கட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் பேசுவதை நான் கேட்கத் தொடங்கினேன். சொற்களை அல்ல, அவை ஏறி இறங்குகிற விதத்தை.

மதிய நேரத்தில் அவர் மேசையிலேயே பாண் சாப்பிட்டுவிட்டுத் தன் தாயை அழைப்பார். தாய் நகரத்தின் மறுபக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். காது மந்தம் என்பதால் மூத்தவர் சற்று உரத்து, சொல் சொல்லாக, மெதுவாகப் பேசுவார். நான் இந்த நாட்டில் கேட்ட டொச்சில் அதைவிட மிருதுவானது இல்லை. சாப்பிட்டீர்களா, நித்திரை வந்ததா, யன்னலைத் திறந்தார்களா என்று கேட்பார். என் அம்மா நான் இங்கே வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அப்படிக் கேட்க எனக்கு ஆள் இல்லை. அதனாலோ என்னவோ, அந்தக் குரலை ஒட்டுக்கேட்கிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அழைப்பு முடிந்ததும் அவர் சிறிது நடந்துவிட்டு வர வெளியே போவார். அந்த நேரத்தில் நான் கணினியில் ஒலிவாங்கியை இயக்கி, அவர் பேசியதை அவர் பேசிய மாதிரியே பேசிப் பதிவு செய்வேன். போட்டுக் கேட்பேன். மறுபடி பேசுவேன். வீட்டில் செய்திருக்கலாம், பிள்ளைகள் சிரிப்பார்கள். கணவருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தேன். வாடிக்கையாளர்களோடு அவர் பேசியவற்றையும் பழகினேன், தாயோடு பேசியவற்றையும் பழகினேன். அதிகம் பழகியது இரண்டாவதைத்தான். ஏனென்றால் தாய் எப்போது வருகிறாய் என்று கேட்பார் போலிருக்கிறது. மூத்தவர் சொல்வார், “இந்த ஞாயிறு சரிவராது அம்மா. அடுத்த ஞாயிறு, கட்டாயம்.” முடியாது என்பதை முடியும் என்பது போலச் சொல்கிற அந்த இறக்கம்தான் என் வேலைக்குத் தேவையாக இருந்தது. அந்த ஒரு வசனத்தைத் திருப்பித் திருப்பி, நாக்கு இடறாமல் வரும்வரை சொல்லிப் பதிவு செய்தேன்.

அந்தப் பதிவுகளை வைத்த கோப்புறைக்குப் ‘பழைய விலைப்பட்டியல்’ என்று பெயர் வைத்தேன். அப்படி ஒன்றை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. பிறகு தொலைபேசியில் என்னை யாரும் வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லாத காலம் வந்தது. அப்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அழித்ததோடு மறந்தும்விட்டேன்.

மூத்தவரின் தாய் ஓர் இலையுதிர்காலத்தில் இறந்துபோனார். அலுவலகத்திலிருந்து ஓர் அனுதாப அட்டை போனது. நானும் கையெழுத்து வைத்தேன். சில நாட்களில் அவர் வேலைக்குத் திரும்பினார். மதியத்தில் பாணைச் சாப்பிட்டுவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடக்கப் போவதில்லை. நானும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. இங்கே அப்படிக் கேட்கலாமா கூடாதா என்பது எனக்கு இன்றுவரை சரியாகப் பிடிபடாத விடயம்.

சேர்வர் பழுதானது அதற்கு அடுத்த தைமாதத்தில். முதலாளி காப்புப் பிரதிகளை எடுத்த டிஸ்குகளை வீட்டில் ஒரு பெட்டியில் வைத்திருந்தார். வெளியிலிருந்து ஒரு கணினித் திருத்துநர் வந்தார். பருத்த, அமைதியான மனிதர். கடைசியாக எடுத்த டிஸ்க் பாதிதான் வாசிக்கிறது என்று கண்டுபிடித்து, பழைய டிஸ்குகளிலிருந்தும் கிடைத்ததையெல்லாம் எடுத்து ஒரே இடத்தில் கொட்டினார். யாருடைய கோப்பு எது என்ற விபரம் போய்விட்டது. “நீங்கள் முன்பு அழித்தவைகூட இதில் கிடக்கும். எல்லோரும் ஒன்றாக இருந்து பார்த்தால் கெதியாய் முடியும்” என்றார்.

அப்படித்தான் ஒரு பிற்பகல் கூட்ட அறையில் கூடினோம். முதலாளி, மூத்தவர், நான், திருத்துநர், வெளிவேலை முடித்துக் கோப்பி குடிக்க வந்த இரண்டு குழாய்க்காரர்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. முதலாளி ஒவ்வொன்றாகத் திறந்து, இது யாருடையது என்று கேட்டார். குழாய்க்காரர் ஒருவரின் மீன்பிடிப் படங்கள் வந்தபோது எல்லோரும் சிரித்தோம். மூத்தவரும் சிரித்தார். தாய் இறந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்போது திரையில் ‘பழைய விலைப்பட்டியல்’ வந்தது.

“ஆ, இதைத்தான் தேடினேன்” என்றார் முதலாளி.

என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், ஏன் அப்படிப் பெயர் வைத்தாய் என்ற கேள்வி வரும். அந்தத் தயக்கம் ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். அதற்குள் அவர் திறந்துவிட்டார். உள்ளே ஒலிக் கோப்புகள். முதலாளி விளங்காமல் திருத்துநரைப் பார்த்தார். “ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று தெரியும்” என்றார் அவர்.

என் குரல் அறை முழுவதும் கேட்டது. வணக்கம், நான் உங்களுக்கு என்ன உதவி செய்யலாம். வணக்கம், நான் உங்களுக்கு என்ன உதவி செய்யலாம். திரும்பத் திரும்ப அதே வசனம், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் ஏறி இறங்கி. குழாய்க்காரர்கள் புன்னகைத்தார்கள். முதலாளி, “எவ்வளவு முயற்சி பாருங்கள்” என்று உண்மையாகவே மெச்சினார். முகம் சுட்டது. ஆனாலும் அது தாங்கக்கூடிய வெட்கம். நானும் சிரித்தேன். அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு பகிடிக் கதையாகப் போயிருக்கும்.

யாரும் நிறுத்தவில்லை. அடுத்த கோப்பு தானாகவே ஓடத் தொடங்கியது.

“சாப்பிட்டீர்களா அம்மா? இந்த ஞாயிறு சரிவராது அம்மா. அடுத்த ஞாயிறு, கட்டாயம். அடுத்த ஞாயிறு, கட்டாயம். அடுத்த ஞாயிறு. அடுத்த ஞாயிறு, கட்டாயம்.”

மூத்தவரின் மதிய அழைப்புகளைக் கேட்காதவர் அந்த அலுவலகத்தில் இல்லை. யாருடைய பேச்சு அது என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கே அந்தக் குரலை என்னுடையது என்று நம்பக் கடினமாக இருந்தது. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தேன். குழாய்க்காரர்களில் ஒருவர் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு டொச்சில் ஒரு சொல்லும் வரவில்லை. தமிழிலும் வரவில்லை. திருத்துநர்தான் எட்டி நிறுத்தினார்.

மூத்தவர் எழுந்தார். தன் கோப்பையை எடுத்தார். கதிரையை மேசைக்குள் தள்ளினார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

முதலாளி என்னிடம், “இது என்ன, ஏதாவது விளையாட்டா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஓம் என்று சொன்னால் நான் கொடியவள். இல்லை என்று சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். “பழகுவதற்காக” என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. நான் கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்க்காமல் முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்தபோது மூத்தவரின் மேலங்கி கொளுவியில் இல்லை.

மறுநாள் அவர் சுகவீன விடுப்பு எடுத்துவிட்டதாக முதலாளி சொன்னார். அந்த வாரம் முழுவதும் இரண்டு மேசைத் தொலைபேசியையும் நான்தான் எடுத்தேன். வெளியே கடும் குளிர். ஊரெல்லாம் வெப்பமூட்டி பழுது. ஒவ்வொருவருக்கும் இந்த வாரம் முடியாது, அடுத்த வாரம் கட்டாயம் என்று சொல்ல வேண்டும். கட்டாயம் என்ற இடத்துக்கு வரும்போது என் குரல், நான் விரும்பாமலே, அவருடைய குரலாக இறங்கியது. அதைத் தவிர்க்கப் பார்த்தால் பேச்சு தடக்கியது. ஒரு கிழவி, “பிள்ளை, உனக்குச் சுகமில்லையா?” என்று கேட்டார்.

வீட்டில் என் முகத்தைப் பார்த்துக் கணவர் கேட்டார். முதலில் சொல்லவில்லை. பிறகு கறி அடுப்பில் இருக்கும்போது, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“உதை ஏன் கந்தோர்க் கொம்பியூட்டரிலை வைச்சனீர்?” என்றார்.

“வீட்டிலை செய்தால் நீங்களும் பிள்ளையளும் சிரிப்பியள்.”

“நான் சிரிச்சிருக்க மாட்டன்” என்றார். பிறகு சிறிது யோசித்து, “சிரிச்சிருப்பன்தான்” என்றார். “சரி, இப்ப என்ன செய்யப் போறீர்?”

“தெரியேல்லை. திரும்பி வந்தால் மன்னிப்புக் கேக்க வேணும்.”

“அந்த மனுசி வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. வீட்டை போய்க் கதையும். எங்கடை ஆக்கள் எண்டால் போகமாட்டமே?”

“அவை எங்கடை ஆக்கள் இல்லை. டெர்மின் இல்லாமல், முதலே சொல்லி வைக்காமல் வீட்டை போக ஏலாது.”

“செத்த வீட்டுக்கும் போகேல்லை நீர்” என்றார் அவர்.

அது என்னைக் குத்தியது. சனிக்கிழமை ஒரு சிறிய பூக்கன்று வாங்கிக்கொண்டு டிராமில் ஏறினேன். அவருடைய முகவரி எனக்குத் தெரியும். நத்தார் வாழ்த்து அனுப்புகிறவள் நான்தான். நான்கு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. மணியை அடித்துவிட்டு, ஓடிவிடலாமா என்று நினைத்தேன். தெருக்கதவு திறந்தது. மூன்றாம் மாடிக்கு ஏறினேன். மூத்தவர் வாசலில் நின்றார். வீட்டுச் சப்பாத்தும் கம்பளிச் சட்டையுமாக, அலுவலகத்தில் பார்ப்பதைவிட உயரம் குறைந்தவராகத் தெரிந்தார்.

“நாம் பேசி வைத்திருந்தோமா?” என்று கேட்டார்.

“இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.”

உள்ளே வரச் சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை. நான் டிராமில் வரும்போது மனதில் ஒழுங்கு செய்துகொண்டு வந்த டொச் வசனங்களெல்லாம் எங்கேயோ போய்விட்டன. “நான் உங்களைக் கேலி செய்யவில்லை” என்பது மட்டும் வந்தது.

“தெரியும்” என்றார். “முதலில் அப்படித்தான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். கேலி செய்கிறவர் ஆட்களுக்கு முன்னால் செய்வார். அதைப் பூட்டி வைக்க மாட்டார்.”

மாடிப்படி விளக்கு தானாக அணைந்தது. அவர் கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினார்.

“ஆனால் நான் அம்மாவோடு பேசியவற்றில் எவ்வளவோ இருக்கிறது. ஏன் அதை எடுத்தீர்கள்?”

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. “ஆட்களுக்கு இல்லை என்று சொல்லுவது எனக்கு வரவில்லை. நான் சொன்னால் கோபிக்கிறார்கள். நீங்கள் உங்கள் அம்மாவுக்குச் சொன்னது கேட்கிறவருக்கு நோகாத மாதிரி இருந்தது. அதனால்தான்.”

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நோகவில்லை என்றா நினைத்தீர்கள்?” என்றார்.

எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. அத்தனை மாதமும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். எழுத்துக்கெழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். ஒரு தாய் வரச்சொல்லிக் கேட்கிறார், மகள் வரவில்லை, மறுபடி கேட்கிறார், மறுபடி வரவில்லை என்பதை நான் ஒருநாளும் கேட்கவே இல்லை. எனக்கு அது வெறும் இராகம். கூட்ட அறையில் அவர் எழுந்து போனது நான் அவரைப் போலப் பேசியதற்காக மட்டும் என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். அந்த அறையில் எல்லோருக்கும் முன்னால் நான் அவருக்குக் கேட்கச் செய்தது என்ன என்பது அவருடைய வாசற்படியில்தான் எனக்குத் தெரிந்தது. பூக்கன்றை ஏன் கொண்டு வந்தேன் என்றிருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நான் அவ்வளவு தடவையா சொன்னேன்?” என்று கேட்டார்.

“இல்லை. அது பழகுவதற்காக நான் திருப்பித் திருப்பிச் சொன்னது.”

“நானும் சொன்னேன்” என்றார். “சில ஞாயிறு போனேன். போகாத ஞாயிறுகளில் எனக்குப் பெரிதாக ஒரு வேலையும் இருக்கவில்லை. களைப்பு. அங்கே போனால் வாசனை ஒன்று இருக்கும். அதுதான்.”

விளக்கு மறுபடி அணைந்தது. இம்முறை நான் அழுத்தினேன். என்னால் அவரைத் தொட்டு ஆறுதல் சொல்ல முடியவில்லை. தொடுகிற இடத்தில் நான் இல்லை. “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று மறுபடியும் சொன்னேன். இப்போது அது வேறு ஒன்றுக்கு என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் பூக்கன்றை வாங்கிக்கொண்டார். “இதற்கு அதிகம் தண்ணீர் விடக்கூடாது” என்றார். பிறகு, “திங்கட்கிழமை வருவேன். தொலைபேசியைத் தனியே சமாளிப்பது கஷ்டம்தானே” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை வந்தார். முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். நான் திருத்துநரை அழைத்து அந்தக் கோப்புறையை அழிக்கச் சொன்னேன். அவர், புதிய சேர்வரிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனால் பழைய டிஸ்குகளில் அது இருக்கும், கணக்கு விபரங்களுக்காக அவற்றை வைத்திருக்கத்தான் வேண்டும் என்றார். முதலாளியின் வீட்டில் ஒரு பெட்டிக்குள் என் குரல் அப்படியே கிடக்கிறது என்ற நினைப்பு சில இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை. மூத்தவரிடம் அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. சொன்னேன். தோளை அசைத்தார். “யார் போட்டுக் கேட்கப் போகிறார்கள்?” என்றார்.

எங்களுக்குள் பழையபடி பேச்சு இருந்தது. வாடிக்கையாளர், கட்டணச்சீட்டு, காலநிலை. பிஸ்கட்டும் வந்தது. ஆனால் அவர் தனிப்பட்ட அழைப்பு எதையும் மேசையிலிருந்து எடுப்பதில்லை. தங்கை அழைத்தாலும் வெளியே நடைகூடத்தில் போய் நின்று பேசுவார். கண்ணாடிக் கதவுக்கப்பால் அவருடைய முதுகு தெரியும். அவர் எழுந்து போகிற ஒவ்வொரு முறையும், அது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நான் கணினியில் எதையாவது மும்முரமாகத் தட்டிக்கொண்டிருப்பேன்.

வாடிக்கையாளர்களிடம் கட்டாயம் என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். “இந்த வாரம் ஆள் இல்லை. அடுத்த வாரம் வருவார்களா என்று இப்போது சொல்ல முடியாது” என்பேன். என் சொந்தக் குரலில், ஏறவேண்டிய இடத்தில் ஏறாத குரலில்தான் அது வரும். சிலர் ஏசுவார்கள். முதலாளி ஒருமுறை, இன்னும் கொஞ்சம் தன்மையாகச் சொல்லலாமே என்றார். மூத்தவர் தலையை நிமிர்த்தாமல், “அவர் சொல்வது சரிதானே, எங்களுக்குத் தெரியாது” என்றார். நான் நன்றி சொல்லப் பார்த்தேன். அவர் அடுத்த அழைப்பை எடுத்துவிட்டார்.

போன கோடையில் அவர் ஓய்வு பெற்றார். கூட்ட அறையில் கேக் வெட்டினோம். அதே அறை, அதே திரை, குழாய்க்காரர்களும் வந்திருந்தார்கள். அத்தனை வருடம் பக்கத்தில் இருந்தவள் என்று என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழுந்தேன். அந்த அறையில் என் குரல் மறுபடி கேட்கப்போகிறது என்றதும், திரை அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அவரிடமிருந்து நிறையக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லத் தொடங்கிவிட்டு, அந்தச் சொல்லின் பொருள் உறைத்ததும் நின்றுவிட்டேன். மூத்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இப்போது நன்றாகப் பேசுகிறீர்கள்” என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் டொச்சைச் சொன்னாரா, கட்டாயம் என்பதை நான் விட்டதைச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கேக்கை எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தொலைபேசி அடிக்கிறது என்று சொல்லி என் மேசைக்குப் போனேன்.